காற்றடைத்த ஆஸ்பத்திரியும் உச்சி வெயிலும்



சென்ற மாதம் பெரட்டு முடிந்த நேரத்தில், பழம் வெட்டும் தோழர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "ஐயா, இதைப் பாருங்க. பிள்ளைங்க குதிச்சு விளையாடுற பலூன் வீடு மாதிரி இருக்கு. இதுக்குள்ளாற ஆளைப் படுக்கப் போட்டு ஆப்பரேஷன் பண்றாங்களாம். நம்பலாமா?" என்று கேட்டார்.

"நம்பலாம். ஆனா பகல் ஒரு மணிக்கு அதுக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "நம்ம லயத்து வீட்டை விடவா ஐயா?" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பலூன் ஆஸ்பத்திரியை எப்படி வெயிலில் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டையும் ஆயாக் கொட்டகையையும் நாமே சோதித்துக்கொள்ளலாம். ஆகவே இந்த மாதம் அதையே எழுதுகிறேன்.

பலூன் ஆஸ்பத்திரி என்றால் என்ன?

பூகம்பமோ புயலோ வந்தால் முதலில் இடிந்து விழுவது கட்டடங்கள். அவற்றோடு ஆஸ்பத்திரியும் விழுந்துவிடும். காயம்பட்டவர்களோ ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். செங்கல் வைத்துக் கட்ட நேரம் ஏது? அதனால் சுருட்டி மடித்த துணியை விமானத்திலோ லோரியிலோ கொண்டுவந்து, திடலில் விரித்து, இயந்திரத்தால் காற்றடிக்கிறார்கள். துணிக்குள் இருக்கும் கொழுத்த குழாய்கள் காற்று நிரம்பி விலா எலும்பு போல நிமிர்ந்து நிற்கும். சிறிது நேரத்தில் ஒரு கூடம் தயார்.

இது நேற்று வந்த யோசனையல்ல. 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ராணுவம் வியட்நாமில் தாய் நின் என்ற இடத்தில் இப்படி ஓர் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்து வைத்தது. அதில் நோயாளிகள் படுக்கும் கூடங்கள் இரட்டைச் சுவர் கொண்ட துணியால் ஆனவை. காற்று நிரப்பி நிறுத்தப்பட்டவை. விளக்கு, குளிர்காற்று, வெந்நீர், சுவருக்குக் காற்று எல்லாவற்றையும் ஒரே டர்பைன் இயந்திரம் கொடுத்தது. இயந்திரம் ஓடும்வரை நல்ல வசதிதான். நின்றுவிட்டால்? விளக்கும் போச்சு, குளிரும் போச்சு, சுவருக்கு வரும் காற்றும் போச்சு!

பிற்காலத்தில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற அமைப்பு இவ்வகை ஆஸ்பத்திரிகளைப் பேரிடர் நடந்த நாடுகளுக்கு அனுப்பியது. 2005 அக்டோபரில் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது மான்சேராவிலும், 2010 ஜனவரியில் ஹைத்தி பூகம்பத்தின்போது போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரிலும், 2013 நவம்பரில் ஹையான் புயல் அடித்தபோது பிலிப்பீன்சின் தாக்ளோபான் நகரிலும் அவை நின்றன. தாக்ளோபானின் சீதோஷ்ணம் ஏறக்குறைய நம்முடையதுதான். வெயில், மழை, புழுக்கம் மூன்றும் ஒரே நாளில் வரும்.

கூடார ஆஸ்பத்திரி நமக்கும் அந்நியமல்ல. 2017ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டு ராணுவம் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்காகக் கள ஆஸ்பத்திரி அமைத்தது. 2023இல் துருக்கியில் பூகம்பம் வந்தபோது அங்கும் ஒன்றை அனுப்பியது.

வெயில் போடும் கணக்கு

மேகம் இல்லாத உச்சி வேளையில், ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் சக்தி சுமார் 1,000 வாட்ஸ். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள கூடாரத்தின் கூரை 60 சதுர மீட்டர். அப்படியானால் அதன்மேல் 60 இஸ்திரிப் பெட்டிகள் எரிகின்றன! இதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் 6,000 வாட்ஸ்.

உள்ளே இருக்கும் ஆட்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சும்மா படுத்திருக்கும் ஓர் ஆளின் உடம்பே 100 வாட்ஸ் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியிடுகிறது. இருபது நோயாளி, ஐந்து தாதி என்றால் 2,500 வாட்ஸ். மருத்துவக் கருவிகளின் சூடு தனி.

துணிக்கு இன்னொரு குறையும் உண்டு. செங்கல் சுவர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். துணிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. வெயில் ஏறினால் உடனே ஏறும். குளிரூட்டி நின்றால் சில நிமிடங்களில் உள்ளே புழுங்கத் தொடங்கிவிடும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சோதனை இரண்டு வகை. ஒன்று, கூடாரத்தை உண்மையான வெயிலில் நிறுத்திப் பார்ப்பது. அமெரிக்க ராணுவத்திற்கு அரிசோனா மாநிலத்தின் யூமா பாலைவனத்தில் இதற்கென்றே பெரிய சோதனைத் திடல் இருக்கிறது. இரண்டாவது, பெரிய அறைக்குள் விளக்குகளை வைத்துச் செயற்கை வெயில் உண்டாக்கிப் பார்ப்பது.

அந்த ராணுவத்தின் 810 எண்ணிட்ட சோதனை விதிப் புத்தகத்தில் 505ஆம் முறை வெயிலுக்காகவே எழுதப்பட்டது. மிகக் கடுமையான பிரிவில் காற்றின் சூட்டை 49 டிகிரி செல்சியஸ் வரையும், வெயிலைச் சதுர மீட்டருக்கு 1,120 வாட்ஸ் வரையும் ஏற்றுகிறார்கள். விளக்கைப் பட்டென்று போட்டு அணைப்பதில்லை. விடியற்காலை போல் சிறிதாகத் தொடங்கி, உச்சிக்குக் கொண்டுபோய், அந்தி போல் இறக்குகிறார்கள். இப்படி 24 மணி நேரச் சுற்று குறைந்தது மூன்று.

ஏன் மூன்று? முதல் நாள் ஏறிய சூடு இரவில் முழுவதும் இறங்காமல் போகலாம். மறுநாள் வெயில் அந்த மிச்சத்தின் மேல் ஏறும். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொன்னால் ஏமாந்து போவோம்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். வாசலில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனால் அது சோதனையாகாது. கூரைத் துணியின் வெளிப்புறம், உட்புறம், குழாய்க்குள், தலைக்கு மேல், கட்டில் மட்டம், தரை மட்டம் என்று ஒவ்வோர் இடத்திலும் பார்க்கவேண்டும். சூடான காற்று மேலே ஏறும். நிற்கும் டாக்டருக்குத் தெரியும் சூடு வேறு, தாழ்ந்த கட்டிலில் கிடப்பவருக்குத் தெரியும் சூடு வேறு. உள்ளே ஆட்கள் இருப்பதுபோல் விளக்குகளையோ சூடேற்றும் பெட்டிகளையோ எரியவிட்டும் பார்க்கவேண்டும். காலிக் கூடாரம் குளிர்ச்சியாக இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் செய்யவேண்டும். உச்சி வேளையில் வேண்டுமென்றே குளிரூட்டியை நிறுத்திவிட்டு, உள்ளே 35 டிகிரியைத் தாண்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. என்றைக்காவது ஜெனரேட்டர் எண்ணெய் தீர்ந்து நிற்கத்தான் செய்யும். அன்று நோயாளிகளை வெளியே தூக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும்.

சைக்கிள் டயர் சொல்லும் பாடம்

காலையில் கெட்டியாகக் காற்றடித்த சைக்கிளைப் பகலில் வெயிலில் சாத்தி வைத்தால் என்ன ஆகும்? சில சமயம் "டமார்" என்று வெடிக்கும். பலூன் ஆஸ்பத்திரிக்கும் அதே தொல்லை உண்டு.

காலையில் 25 டிகிரி இருக்கும்போது குழாய்க்குள் சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டு அழுத்தம் வைத்துப் பூட்டியதாக எடுத்துக்கொள்வோம். பகலில் உள்காற்று 60 டிகிரிக்குச் சூடானால், குழாய் விரிந்து கொடுக்காதவரை, அந்த 3 பவுண்டு 5 பவுண்டாகிவிடும். தையலும் ஒட்டும் இதைத் தாங்கவேண்டும். அதிகக் காற்று தானாக வெளியேற வால்வு இருக்கவேண்டும்.

சரி, வால்வு திறந்து காற்று போய்விட்டது. சாயங்காலம் மழை கொட்டுகிறது. உள்காற்று குளிர்ந்து சுருங்குகிறது. இப்போது குழாய் தொய்ந்துபோகும். கூரையில் பள்ளம் விழுந்து மழைத்தண்ணீர் தேங்கும். ஆகவே பகலில் வெடிக்காமலும் இரவில் சரியாமலும் நிற்கிறதா என்று இரண்டையும் பார்க்கவேண்டும். வெயிலைச் சோதிக்கிறவர்கள் இரவையும் சேர்த்துச் சோதிப்பது இதனால்தான்.

துணியின் ஆயுளும் வெயிலில் குறையும். பால்மரத்தோடு பழகிய நமக்கு இது புதிதில்லை. வெயிலில் கிடந்த பழைய ரப்பர் டியூப்பை இழுத்தால் மேலெல்லாம் வெடிப்பு விடும். பால்மரத்து ரப்பருக்கு வெயிலும் ஓசோன் காற்றும் ஆகாது. அதனால் இன்றைய கூடாரங்களுக்குப் பெரும்பாலும் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசிய துணியே பயன்படுகிறது. அதையும் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் விளக்கில் காட்டி, 4 மணி நேரம் அணைத்து, நாள்கணக்கில் வாட்டிப் பார்க்கிறார்கள்.

பாலைவனத்து 42, நம் ஊர் 34

"பாலைவனத்திலேயே தாங்கினது நம்ம ஊர்ல தாங்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். துணி தாங்கும். உள்ளே இருக்கும் மனுசன் தாங்குவானா என்பதுதான் கேள்வி.

நம் உடம்பைக் குளிரவைப்பது வேர்வை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பாலைவனக் காற்று காய்ந்த காற்று. வேர்வையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வேர்வை உடம்பில் வழியுமே தவிர காயாது.

இதை அளக்க 1950களில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பயிற்சியின்போது வெயிலில் சுருண்டு விழுந்ததால் வந்த முறை அது. மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று சாதாரணமானது. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அது வேர்வையைப் போல. மூன்றாவது கறுப்புப் பூசிய செம்பு உருண்டைக்குள் இருக்கும். அது சூடான கூரையும் சுவரும் வீசும் அனலைக் காட்டும். நேர் வெயில் படாத இடத்தில், ஈரத்துணி எண்ணில் பத்தில் ஏழு பங்கும், உருண்டை எண்ணில் பத்தில் மூன்று பங்கும் கூட்டவேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. பாலைவனக் கூடாரத்தில் காற்று 42, உருண்டை 46, ஈரத்துணி 23 என்று வைத்துக்கொள்வோம். விடை சுமார் 30. நம் ஊர்க் கூடாரத்தில் காற்று 34, உருண்டை 38, ஈரத்துணி 29. விடை சுமார் 32. பார்த்தீர்களா? வெறும் வெப்பமானி பாலைவனந்தான் மோசம் என்கிறது. உடம்புக்கோ நம் ஊர்ப் புழுக்கந்தான் மோசம். நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் வெளியிட்ட வெப்ப வழிகாட்டியும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது.

ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தது

இதெல்லாம் எனக்கு ஏட்டில் மட்டும் தெரிந்திருந்த காலம் உண்டு. 2021ஆம் ஆண்டு கோவிட் தடுப்பூசி போட வெளியிலிருந்து ஒரு குழு எங்கள் தோட்டத்திற்கு வந்தது. பந்து திடலில் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டார்கள். மழை வந்தால் நனையக்கூடாது என்று மூன்று பக்கமும் துணியை இறக்கிக் கட்டிவிட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டோம். உட்கார்ந்திருந்த ஆட்களின் பக்கம் எத்தனை டிகிரி என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஊசி போட்டபின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "தம்பி, தலை என்னமோ மாதிரி வருதுய்யா" என்றார். சொல்லி முடிக்குமுன் சாய்ந்துவிட்டார். ஊசியால் வந்தது என்று எல்லாரும் பயந்தார்கள். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். கண் திறந்தார். பிறகு வெப்பமானியை அவர் இருந்த நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். மரநிழலில் 33. நாற்காலியில் 39. மருந்துக்கு வெப்பமானி வைத்த நாங்கள் மனுசருக்கு வைக்க மறந்துவிட்டோம்.

உடனே பக்கத் துணிகளைச் சுருட்டி மேலே கட்டினோம். அதற்குப்பின் யாரும் சாயவில்லை. பாட்டி இன்றும் என்னைக் கண்டால், "கூடாரத்துல என்னைச் சுட்டு எடுத்தியே" என்று கேலி செய்வார். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளே சுருக்கென்று தைக்கும்.

பலூன் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். தீக்காயம் பட்ட தோலில் வேர்வை வராது. பிறந்த குழந்தையின் உடம்பு அறையின் சூட்டோடு சேர்ந்து ஏறும். அது காய்ச்சலா புழுக்கமா என்று தாதிக்கே சந்தேகம் வரும். பூகம்பத்தில் தப்பியவரைச் சூட்டுக்குப் பலி கொடுக்கலாமா? அதற்காகத்தான் இத்தனை சோதனை.

இனி நம் வீட்டைச் சோதிப்போம்

வானொலியில் "இன்று 35 டிகிரி" என்கிறார்கள். அது வானிலை நிலையத்தில், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்த சூடு. உங்கள் தகரக் கூரையின் கீழ் அளந்ததல்ல. மூன்று நாள் தொடர்ந்து உச்சச் சூடு 35 முதல் 37 வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை, 37ஐத் தாண்டி 40 வரை போனால் இரண்டாம் நிலை, 40க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாகியிருக்கிறது. வெளியே நிழலில் அவ்வளவு என்றால் தகரத்துக்குக் கீழே?

கடையில் கிடைக்கும் சாதாரணச் சுவர் வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. ஆள் படுக்கும் மட்டத்தில், வெயில் நேரே படாமல் தொங்கவிடுங்கள். காலை 7, பகல் 10, 1, 3, மாலை 5, இரவு 9 என்று ஆறு வேளை பாருங்கள். மூன்று நாள் விடாமல் தாளில் எழுதுங்கள்.

தொட்டில் கட்டும் தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொட்டில் உத்தரத்தில் தொங்குகிறது. சூடான காற்றும் மேலேதான் தங்குகிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 33 என்றால், மேலே தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். துணி வேறு நாலு பக்கமும் மூடியிருக்கும். ஆகவே வெப்பமானியைத் தொட்டில் மட்டத்தில் கட்டிப் பாருங்கள். பகல் வேளையில் கயிற்றை நீட்டித் தொட்டிலைத் தாழ்த்திக் கட்டுங்கள், அல்லது பிள்ளையைக் காற்றோட்டமான இடத்தில் பாயில் போடுங்கள்.

கூடாரக்காரர்கள் கண்ட பரிகாரங்கள் நமக்கும் பொருந்தும். கூரைக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு இன்னொரு துணியோ நிழல் வலையோ கட்டினால் வெயில் முதலில் அதன்மேல் விழும். நடுவில் காற்று ஓடும். வெள்ளைக் கூரை கறுப்புக் கூரையைவிடக் குறைவாகச் சூடேறும். எதிரெதிர் சன்னல்கள் இரண்டையும் திறந்து வைக்கவேண்டும். தகரத்திற்குக் கீழே தட்டுப்பலகை அடித்தால் அனல் நேரே தலையில் இறங்காது.

இவற்றில் சிலவற்றை நாமே செய்யலாம். சிலவற்றை நிர்வாகம் செய்யவேண்டும். வீடும் குழந்தைக் காப்பகமும் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. "வீடு சூடா இருக்கு சார்" என்று போய் நின்றால், "எல்லா இடமும் சூடுதானே" என்ற பதில் வரும். மூன்று நாள் எழுதிய தாளோடு கிளைத் தலைவரையும் அழைத்துக்கொண்டு போனால் அப்படிச் சொல்லி அனுப்பிவிட முடியாது.

ஆள் விழுந்தால் என்ன செய்வது?

தலைசுற்றல், குமட்டல், சதைப்பிடிப்பு, அதிக வேர்வை வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். வெயிலில் வேலை செய்யும்போது இருபது நிமிடத்திற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

ஆள் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், நினைவு தவறினால் அது வெப்ப வாதம். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை வழிந்தாலும் இதுவாக இருக்கலாம். உடனே 999க்கு அழையுங்கள். அதுவரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பனடோல் மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது.

அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பலூன் ஆஸ்பத்திரிக்குள் எவ்வளவு சூடு என்று அளந்துவிட்டுத்தான் ஆளைப் படுக்கவைக்கவேண்டும். நம் லயத்து வீட்டில் நாம் அளக்காமலே படுத்து எழுந்துகொண்டிருக்கிறோம். ஒரு வெப்பமானி வாங்குங்கள், அண்ணே. மூன்று நாள் எழுதிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். கணக்கை இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.